பதிவேட்டிலிருந்து பாஸ்வேர்டு வரை

கணினி வழிப் படிப்பு கொரோனாவோடு பிறந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அதற்கு அறுபது வயது தாண்டிவிட்டது. 1960-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் என்பவர் 'பிளாட்டோ' என்ற கற்பிக்கும் கணினி முறையைத் தொடங்கினார். முதல் பிளாட்டோவில் ஒரு நேரத்தில் ஒரு மாணவர்தான் படிக்க முடியும். ஆகவே விடை யாருடையது என்ற குழப்பத்துக்கு இடமில்லை. 1961-இல் வந்த இரண்டாம் பிளாட்டோவில் இருவர் ஒரே நேரத்தில் படிக்கலாம். இருவர் வந்துவிட்டால் பதிவேடு வேண்டுமே! 1972-இல் நான்காம் பிளாட்டோ வந்தது. அதில் உள்ளே நுழைய பெயர், வகுப்புக் குழு, பாஸ்வேர்டு மூன்றும் தர வேண்டும். மாணவருக்கு ஓர் அதிகாரம், ஆசிரியருக்கு ஓர் அதிகாரம், பாடம் எழுதுபவருக்கு வேறோர் அதிகாரம்.

பாஸ்வேர்டு இதற்கு முன்பே எம்.ஐ.டி.யில் வந்துவிட்டது. பலர் பங்கிட்டுக்கொண்ட ஒரே கணினிக்காக கோர்பட்டோ என்ற பேராசிரியரின் குழு அதைப் புகுத்தியது. 1962-இல் அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆலன் ஷெர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அந்தக் கணினியைக் கொண்டே அச்சடித்து எடுத்துக்கொண்டார். பூட்டு பிறந்த சூட்டோடு கள்ளச்சாவியும் பிறந்துவிட்டது.

இன்று உலகெங்கும் பள்ளிகள் பயன்படுத்தும் 'மூடில்' மென்பொருளின் முதல் பதிப்பு 2002-இல் வந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியமாஸ் உருவாக்கியது. அதில் ஒரு மாணவரின் கணக்கை நிறுத்தி வைக்கலாம், அல்லது நீக்கிவிடலாம். நிறுத்தினால் மாணவர் உள்ளே வர முடியாது, மதிப்பெண்கள் பத்திரமாக இருக்கும். நீக்கினால் வகுப்புச் சேர்க்கையோடு மதிப்பெண்ணும் போய்விடும்.

பழைய குமாஸ்தாவான எனக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. பதிவேட்டில் எதையும் சுரண்டி அழிக்கக் கூடாது; பழைய எழுத்து தெரியும்படி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும் இட வேண்டும் என்பதே நாங்கள் கற்ற முதல் பாடம். பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் காலையில் 'அப்பேல்' எடுப்பார்கள். பெயர் கூப்பிட்டதும் 'பிரெசான்' என்று எழுந்து நிற்போம். வராத பையன் பெயருக்கு நேரே குறி விழுமே தவிர, பெயர் அழியாது.

பெயர் என்றதும் இன்னொரு தொல்லை. இந்த மென்பொருள்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து, இரண்டையும் நிரப்பச் சொல்கின்றன. நம் பிள்ளைகளுக்கோ பெயரும் இனிஷியலும்தான். புதுச்சேரிக்கு இது புதிதல்ல. 1881 செப்டம்பர் 21 தேதியிட்ட பிரெஞ்சு ஆணையின்படி நம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அன்று அதை அரசு கேட்டது, இன்று படிவம் கேட்கிறது. ஒரு தளத்தில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று எழுதினால், ஒரே பிள்ளை இரண்டு பிள்ளையாகிவிடும்.

கொரோனா காலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அக்காளும் தம்பியும் தாயின் ஒரே செல்பேசியில் படித்தார்கள். இருவர் கணக்கிலும் ஒரே எண். பள்ளியில் கணக்குகளைக் கவனித்தவர், ஒரே எண்ணுக்கு இரண்டு கணக்கா என்று எண்ணி, அக்காளின் கணக்கை நீக்கிவிட்டார். மூன்று மாதம் அவள் எழுதி அனுப்பிய பயிற்சிகள் போயின. நல்லவேளை, வகுப்பு ஆசிரியை மதிப்பெண்களைத் தனியாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். அதைக் காட்டித்தான் அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைத்தது.

ஆகவே பேரப்பிள்ளைகள் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லா இடத்திலும் இருக்கிறதா பாருங்கள். பயனர் பெயர் எது, எந்தச் செல்பேசி எண் தந்தோம் என்பதை வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள். மதிப்பெண் வந்ததும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளியிலும், 'நீக்கு' என்ற பொத்தானைத் தொடும் முன் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போன் செய்து கேட்கலாம். அதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.