துணை விண்மீனைத் தேடியோர்

வைகாசி இரவில் பத்து மணியளவில் குத்தாலத்து வயல் வரப்பில் நின்று தெற்கே நோக்கினால், அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 18 பாகை உயரத்தில் ஒளிமிக்க விண்மீன் ஒன்றைக் காணலாம். மேலைநாட்டார் அதனை 'ரிகில் கென்டாரஸ்' என்பர். 'ரிஜ்லு கன்தூரிஸ்' என்னும் அரபுத் தொடரின் திரிபு அது. குதிரைமனிதனின் கால் என்பது பொருள்.

அவ்விண்மீன் ஒன்றன்று, இரண்டு என்று கண்டறியப்பட்ட இடம் நமது சோழமண்டலக் கரையே. சயாமிலிருந்து வெளியேறிப் புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ழான் ரிஷோ, 1689 டிசம்பரில் வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் ஆராய்ந்தபோது அதனைக் கண்டார். அவ்விரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகின்றன.

ஒன்றாய்த் தோன்றுவதைப் பிரித்தறியும் ஆர்வம் இதனினும் பழையது. ஸப்தரிஷி மண்டலத்து மங்கலான விண்மீன் ஒன்றினை அரபியர் 'அஸ்ஸுஹா' என்றழைத்து, அதனைக் கொண்டு பார்வைக் கூர்மையைச் சோதித்தனர். கி.பி. 964 அளவில் விண்மீன்களைப் பற்றி நூல் யாத்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி இதனைக் குறிப்பிட்டுள்ளார். தமிழகத் திருமணங்களில் காட்டப்படும் அருந்ததியும் அதுவே.

எனினும், தேடியோர் யாவரும் கண்டடைந்தாரில்லை. சென்னை வானாய்வகத்தின் கேப்டன் ஜேக்கப், '70 ஒஃபியூக்கி' என்னும் இரட்டை விண்மீனின் இயக்கத்தில் பிறழ்வு கண்டு, அதற்குக் கோள் ஒன்று காரணமாகலாம் என 1855இல் எழுதினார். பிற்கால ஆய்வுகள் அக்கருத்தை ஏற்கவில்லை. அளவீட்டின் சிறு பிழையும் வானில் ஓர் உலகைப் படைத்துவிடும் என்பதே அது தரும் பாடம்.

விண்மீனாகும் அளவு நிறையின்றி மங்கிக் குளிரும் பொருள்கள் உண்டென, இந்தியாவில் பிறந்த சிவ் எஸ். குமார் 1960களின் தொடக்கத்தில் கணித்தார். 'பழுப்புக் குறுமீன்' எனப்படும் அவை 1995இல் உறுதியாயின. குறுமீனின் ஒளி குறைவாதலால், அதனருகே உள்ள துணையைப் படம்பிடிப்பது ஓரளவு எளிது. ஆயினும் காற்றின் அலைவு பிம்பத்தைக் கலைத்துவிடும். அவ்வலைவுக்கேற்ப நொடிக்குப் பன்முறை வளைந்து ஈடுசெய்யும் ஆடி அதற்குத் தீர்வாயிற்று.

2004இல் சிலி நாட்டுப் பரனால் மலையிலிருந்து ஆராய்ந்தோர், '2எம்1207' என்னும் குறுமீனருகே அதனினும் நூறு மடங்கு மங்கலான புள்ளியைக் கண்டனர். அதுவும் அதே குதிரைமனித மண்டலத்தில் உள்ளது. அவர்கள் உடனே அதனைக் கோள் என்று முடிவு செய்துவிடவில்லை. பின்னணியில் தற்செயலாய்த் தெரியும் விண்மீனாயின், காலப்போக்கில் அது விலகிப்போகும். துணையாயின் உடன் நகரும். மறு ஆண்டுப் படங்களில் இரண்டும் ஒருசேர நகர்ந்திருக்கக் கண்ட பின்னரே உறுதி கூறினர்.

1995இல் ஒற்றை எனக் கருதப்பட்ட 'கிளீஸ் 229பி' என்ற குறுமீனும், ஏறத்தாழ 12 நாளுக்கொருமுறை ஒன்றையொன்று சுற்றும் இரு குறுமீன்களே என 2024இல் தெளிந்தது.

கருவிகள் மாறின, கண்டதை உரைக்குமுன் காத்திருந்து சரிபார்க்கும் நேர்மைதான் ஆய்வுக்கு உயிர். ஜேக்கப்பின் பிழைக்கும் பரனாலின் வெற்றிக்கும் நடுவே நாம் கற்கத்தக்கது அதுவே.