ஊசி வலிக்கும்!

"எறும்பு கடிச்ச மாதிரிதான்டா இருக்கும். வலிக்கவே வலிக்காது!"

ஊசிக்காகக் காத்திருக்கும் குழந்தையிடம் இந்தப் பொய்யைச் சொல்லாத அப்பா, அம்மா உண்டா? நானும் சொல்லியிருக்கிறேன். ஊசி இறங்கியதும் என் மகள் வீறிட்டு அழுதாள். அழுகை ஐந்து நிமிடத்தில் நின்றுவிட்டது. ஆனால் நடுவில் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அது மறக்கவில்லை. அடுத்த தடவை 'வலிக்காது' என்று ஆரம்பித்ததுமே வாசலைப் பார்த்து ஓட்டம். நான் படித்தது பி.காம். என் புத்தியில் உடனே உறைத்தது ஒன்றுதான்: என் பெயரில் இருந்த கிரெடிட் தீர்ந்துவிட்டது.

இந்தப் பொய்யைக் குழந்தைகளிடம் சொல்லவே கூடாது என்று வாழ்நாள் முழுக்கப் பிடிவாதமாக இருந்த ஒரு மனிதர் உண்டு. டாக்டர் அல்ல. டி.வி. ஆசாமி. பெயர் ஃப்ரெட் ரோஜர்ஸ்.

அவர் கதைக்குப் போவதற்குமுன், அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகள் குழந்தைகளை எப்படி நடத்தின என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1950களின் தொடக்கம். லண்டன். குழந்தையை வார்டில் சேர்த்தால் பெற்றோர் அதை விட்டுவிட்டுப் போய்விட வேண்டும். பார்வையாளர் நேரம் என்று கொஞ்சம் ஒதுக்குவார்கள், அவ்வளவுதான். அம்மா வந்தால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது. ஆகவே வராமல் இருப்பதே நல்லது. இதுதான் அன்றைய டாக்டர்கள், நர்ஸ்களின் லாஜிக்.

அந்த அமைதியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று சந்தேகப்பட்டவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். டாவிஸ்டாக் கிளினிக்கில் வேலை பார்த்தவர். ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டார். தொப்புள் குடலிறக்க ஆபரேஷனுக்காக எட்டு நாள் தங்க வந்த, இரண்டரை வயதைக்கூடத் தொடாத லாரா என்ற குழந்தையைப் படம் பிடித்தார். குழந்தை பெரிதாக ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. அழுகையை விழுங்கியபடி பொம்மையைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. 1952-ல் படத்தைப் போட்டுக் காட்டியதும் மருத்துவ உலகத்தில் பலருக்குப் பயங்கர கோபம். ஆஸ்பத்திரிகளை அவமானப்படுத்துகிறார் என்றார்கள். ஆனால் படம் பொய் சொல்லவில்லையே! 1959-ல் பிரிட்டனில் பிளாட் கமிட்டி அறிக்கை வந்தது. பெற்றோரை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் குழந்தையைப் பார்க்க விட வேண்டும் என்று சிபாரிசு செய்தது.

அம்மா உள்ளே வந்தாயிற்று. சரி. ஆனால் தன் உடம்பை இவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்பதைக் குழந்தைக்கு யார் சொல்வது?

இப்போது அட்லாண்டிக்கைத் தாண்டி, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக்கு வருவோம்.

ரோஜர்ஸ் 1928-ல், பிட்ஸ்பர்க் பக்கத்தில் லாட்ரோப் என்ற ஊரில் பிறந்தவர். வசதியான வீடு. ஆனால் பையனுக்கு ஆஸ்துமா. பாதி நாள் படுக்கை. கொஞ்சம் குண்டு வேறு. பள்ளிக்கூடத்துப் பையன்கள் 'குண்டு ஃப்ரெடி' என்று துரத்தித் துரத்திக் கேலி செய்தார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து பொம்மைகளுக்குக் குரல் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். உடம்பைக் காட்டிக் கேலி செய்தால் எப்படி வலிக்கும் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்.

டி.வி. புதிதாக வந்த காலம். குழந்தைகள் நிகழ்ச்சி என்ற பெயரில் ஒருவர் மூஞ்சியில் ஒருவர் கிரீம் அப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து நொந்துபோனார். இந்தப் பெட்டியை இதற்கா பயன்படுத்துவது? பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய டபிள்யூ.க்யூ.இ.டி. என்ற கல்வித் தொலைக்காட்சியில் சேர்ந்தார். பாதிரியார் படிப்பையும் பகுதி நேரமாகப் படித்து முடித்தார். அந்தப் படிப்பின்போது அறிமுகமானவர்தான் மார்கரெட் மெக்ஃபார்லண்ட் என்ற குழந்தை உளவியல் நிபுணர்.

இந்த அம்மாளின் இடம் அர்சனல் மையம் என்கிற குழந்தைகள் மையம். 1953-ல் டாக்டர் பெஞ்சமின் ஸ்போக்கோடு சேர்ந்து உருவாக்கியது. ஆமாம், குழந்தை வளர்ப்புப் புத்தகம் எழுதி உலகப் புகழ் பெற்ற அதே ஸ்போக்தான். குழந்தைகள் விளையாடுவதை நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பார் மெக்ஃபார்லண்ட். பெரியவர்களுக்கு அது விளையாட்டு. குழந்தைக்கு அதுதான் பேச்சு. பொம்மைக்கு ஊசி போடும் குழந்தை, தனக்கு நடந்ததைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. 1988-ல் அவர் இறக்கும்வரை ரோஜர்ஸ் அவரிடம் யோசனை கேட்டுக்கொண்டே இருந்தார்.

1968 பிப்ரவரி 19. 'மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்' நிகழ்ச்சி அமெரிக்கா முழுக்க ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஒரு மனிதர் வீட்டுக்குள் வருவார். கோட்டைக் கழற்றி ஸ்வெட்டர் போடுவார். ஷூவைக் கழற்றி கேன்வாஸ் ஷூ மாட்டுவார். கேமராவைப் பார்த்து நிதானமாகப் பேசுவார். அவ்வளவுதான் நிகழ்ச்சி! 2001 வரை, நடுவில் சில வருட இடைவெளி போக, கிட்டத்தட்ட 900 எபிசோடுகள்.

எதைப் பற்றிப் பேசினார் என்பதுதான் விசேஷம். குளியல் தொட்டியில் தண்ணீர் ஓட்டை வழியே சுழன்று போவதைப் பார்க்கும் குழந்தை, 'நானும் இப்படிப் போய்விடுவேனோ' என்று பயப்படும். பெரியவர்கள் சிரிப்பார்கள். ரோஜர்ஸ் சிரிக்கவில்லை. நீ அதற்குள் நுழையவே முடியாது, நீ அதைவிடப் பெரியவன் என்று ஒரு பாட்டே எழுதினார். முடிவெட்டப் பயமா? உடம்பிலிருந்து எதையோ வெட்டி எடுக்கிறார்கள் என்றால் பயம் வராதா? அதையும் எடுத்துப் பேசினார். கண் டாக்டர் விளக்கடித்து உள்ளே பார்க்கும்போது, மனசுக்குள் நினைப்பதும் அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று குழந்தை கவலைப்படும் என்பதுவரை யோசித்தவர் அவர்.

ஒரு ஆஸ்பத்திரிக் காட்சி. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிவிட்டு, 'காற்றடிக்கப் போகிறேன்' என்கிற அர்த்தத்தில் ஒரு நர்ஸ் 'ப்ளோ அப்' என்று சொல்லிவிட்டார். ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்கு 'வெடிக்க வைப்பது' என்றும் அர்த்தம் உண்டு. கேட்ட குழந்தை காதைப் பொத்திக்கொண்டு வெடிச் சத்தத்துக்குக் காத்திருக்குமே! அப்புறம் நடப்பது எதுவும் அதன் காதில் விழாதே! வசனத்தை மாற்று என்றார் ரோஜர்ஸ். கொஞ்சம் காற்று நிரப்பப் போகிறேன் என்று திரும்பக் குரல் பதிவு செய்தார்கள். ஒரே ஒரு வார்த்தைக்காக.

வலிக்கும் விஷயத்தை வலிக்கும் என்றே சொல்வது அவர் பாணி. பயத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதைச் சமாளிக்கலாம். மூடி மறைத்தால் அது வளரும். மெக்ஃபார்லண்டிடம் கற்ற பாடம் இதுதான்.

அந்தப் பாடத்துக்குப் பரீட்சை போல வந்து சேர்ந்தான் ஜெஃப் எர்லாங்கர் என்கிற பையன். கைக்குழந்தையாக இருந்தபோதே முதுகுத்தண்டில் கட்டி. கை, கால் சரியாக இயங்காது. சக்கர நாற்காலிதான். ஐந்து வயதில் முதுகில் பெரிய ஆபரேஷன். அதற்கு முன்னால் உனக்கு என்ன வேண்டும் என்று பெற்றோர் கேட்க, மிஸ்டர் ரோஜர்ஸைப் பார்க்க வேண்டும் என்றான். பார்த்தான்.

ஐந்து வருடம் ஓடியது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு குழந்தையோடு நிகழ்ச்சியில் பேச வேண்டும் என்று நினைத்தபோது ரோஜர்ஸுக்கு ஞாபகம் வந்தது அதே பையன்தான். எழுதி வைத்த வசனம் கிடையாது. 1981-ல் ஒளிபரப்பான அந்தக் காட்சியை இன்றைக்கும் இணையத்தில் பார்க்கலாம். இந்த நாற்காலி எப்படி ஓடுகிறது, உனக்கு ஏன் இது வேண்டியிருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்கிறார் ரோஜர்ஸ். பத்து வயதுப் பையன் தன் உடம்புக்கு என்ன ஆயிற்று, டாக்டர்கள் என்ன செய்தார்கள் என்று ஆசிரியர் மாதிரி விளக்குகிறான். குரலில் வெட்கம் இல்லை. சுயபச்சாதாபமும் இல்லை. வருத்தப்படும் நாட்களும் உண்டு என்பதையும் இருவரும் பேசுகிறார்கள். கடைசியில் சேர்ந்து பாடுகிறார்கள். உன் உடையோ சாமான்களோ அல்ல, உன்னைத்தான் எனக்குப் பிடிக்கும் என்கிற கருத்துள்ள பாட்டு.

யோசித்துப் பாருங்கள். தன் சிகிச்சையைத் தானே எடுத்துச் சொல்லும் அளவுக்கு அந்தப் பையனுக்கு யாரோ எல்லாவற்றையும் புரியவைத்திருக்கிறார்கள். ரகசியமாக வைக்கப்பட்ட உடம்பு குழந்தைக்கு அவமானமாகிவிடும். விளக்கிச் சொல்லப்பட்ட உடம்பு, எப்படி இருந்தாலும், 'என்னுது' ஆகிவிடும்.

நீ ஸ்பெஷல், நீ ஸ்பெஷல் என்று சொல்லியே ஒரு தலைமுறையைக் கெடுத்துவிட்டார் என்று பிற்பாடு விமரிசனம் வந்தது. அவர் சொன்னது அதுவே அல்ல. உன்னை மற்றவர்கள் நேசிக்க நீ ஒரு சாகசமும் செய்ய வேண்டியதில்லை என்பதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ரோஜர்ஸ் தினமும் நீச்சல் அடிப்பார், எடை பார்ப்பார். வருடக்கணக்காக முள் 143 பவுண்டில்தான் நிற்கும். ஆங்கிலத்தில் 'ஐ லவ் யூ'வின் எழுத்துக்களை எண்ணினால் 1, 4, 3 என்று வருமாம். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். எனக்கென்னவோ அந்த எடை மிஷினில் தினமும் ஏறியது பழைய குண்டு ஃப்ரெடிதானோ என்று தோன்றுகிறது. ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவருக்கும் சிறு வயதுக் கேலி முழுசாக ஆறியதா, தெரியாது.

1999. ரோஜர்ஸை 'டெலிவிஷன் ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் சேர்க்கும் விழா. மேடைக்குச் சக்கர நாற்காலியில் வந்தார் ஜெஃப், இப்போது வளர்ந்த மனிதர். பார்த்ததும் ரோஜர்ஸ் இருக்கையிலிருந்து துள்ளி எழுந்து, படியைக்கூடத் தேடாமல் மேடையில் ஏறி அவரிடம் போனார். வயது 70! அந்தப் பழைய பாட்டின் வார்த்தைகளையே ஜெஃப் அவருக்குத் திருப்பிச் சொன்னார்.

2003-ல் ரோஜர்ஸ் காலமானார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகத் தன் ஊரான மேடிசனில் பாடுபட்டுவந்த ஜெஃப், 2007-ல் மறைந்தார்.

சரி, என் மகள் விஷயம்? அடுத்த ஊசிக்கு உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "வலிக்கும்டா. ஒண்ணுலேர்ந்து பத்து எண்றதுக்குள்ள போயிடும். அப்பா கையைப் பிடிச்சுக்கறேன்."

அன்றும் அழுதாள். ஆனால் கையை விடவில்லை. எண்ணிக்கொண்டே அழுதாள்.