பலூன் சட்டகம்: கண்டுபிடித்தவன் யார் என்ற கேள்வி

வரலாற்றுக்கு எப்பவும் ஒரு ஆள் தேவைப்படுகிறான். சிகாகோவின் மரச்சட்ட வீட்டு முறைக்கு ஜார்ஜ் வாஷிங்டன் ஸ்னோதான் மூலவர் என்றார் சீக்ஃப்ரீட் கீடியன், 1941இல். மறு ஆண்டே வாக்கர் ஃபீல்ட் மறுத்தார்: அகஸ்டின் டெய்லர், 1833இல் எழுந்த புனித மேரி தேவாலயம். பின்னால் வந்தவர்கள் ஸ்னோவின் 1832ஆம் வருஷத்துக் கிடங்கைக் காட்டி அவரையே திரும்பக் கொண்டுவந்தார்கள். இருவரையும் மாறி மாறி நம்பியவன் நான். இப்போது கேள்வியே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பழைய முறையில் கனத்த உத்தரங்களைத் துளையடித்து, முளை செதுக்கிப் பொருத்த வேண்டும். பத்துப் பேர் கூடித் தூக்கி நிறுத்த வேண்டும். புதிய முறையில் இரண்டுக்கு நாலு அங்குலச் சட்டங்கள், நெருக்கமாக, அஸ்திவாரத்திலிருந்து கூரைவரை ஒரே நீளமாக. இணைப்பு முழுக்க ஆணி. ரெண்டு பேருக்கு ஆணி அடிக்கத் தெரிஞ்சா போதும். காற்றில் பறந்துபோகும் என்று கேலி செய்து வைத்த பெயர்தான் 'பலூன்' என்பார்கள். கேலி செய்தவன் தச்சன்; அவனுடைய கைத்திறனுக்கு விலை போய்விட்டது.

ஆக, இது ஒரு மூளையில் உதித்ததல்ல. இயந்திரம் வெட்டிய மலிவான ஆணி, ரம்ப ஆலை, தச்சர் பஞ்சம் எல்லாம் சேர்ந்து ஈன்றது. சரி, மரம் எங்கிருந்து வந்தது? 'கண்டுபிடிப்பாளர்' என்ற சொல்லாடல் மூடி மறைப்பது இங்கேதான். தேவாலயம் எழுந்த அதே 1833இல், அதே சிகாகோவில், பொட்டாவட்டோமி உள்ளிட்ட மக்களிடமிருந்து சுமார் 50 லட்சம் ஏக்கர் ஒப்பந்தம் மூலம் எழுதி வாங்கப்பட்டது. 1836இல் விஸ்கான்சினில் மெனோமினி மக்கள் இழந்தது சுமார் 40 லட்சம் ஏக்கர். அந்தக் காடுகளின் வெள்ளைப் பைன்தான் ஏரி வழியே சிகாகோவுக்குச் சட்டங்களாக வந்து இறங்கியது.

1871 அக்டோபர் 8 இரவு சிகாகோ எரிந்தது. சுமார் 300 பேர் மாண்டார்கள். சட்டங்களுக்கு இடையிலான வெற்றிடம் புகைபோக்கிபோல் தீயை மேலே இழுக்கக் கூடியது. மாடிக்கு மாடி சட்டத்தை வெட்டி நிறுத்தும் முறை பின்னால் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். அதே இரவில் விஸ்கான்சினின் பெஷ்டிகோவும் எரிந்தது. அங்கே செத்தவர்கள் 1,200க்குக் குறையாது. அந்த ஊரின் மர ஆலை வில்லியம் ஆக்டனுடையது. சிகாகோவின் முதல் மேயர் அவர்.

ஒரு தீ புராணமாயிற்று, மற்றது அடிக்குறிப்பு. வீட்டை வாசிக்கிறவர்கள் காட்டையும் சேர்த்து வாசிக்கணும். ஸ்னோவா டெய்லரா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.