வைரஸுக்கு ஒரு முகவரி இருந்தது

வ. புதுப்பட்டியில் கம்ப்யூட்டர் இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு வராமல் இருந்திருக்காது: “வைரஸை விடுறவனே ஆன்டி வைரஸ் விக்கிறவன்தான்.” டீக்கடையில் இதை மறுத்துப் பேசி யாரும் ஜெயிக்க முடியாது. ஆனால் வைரஸ் பிறந்த கதை வேறு.

அமெரிக்காவில் 1982இல் ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயதுப் பையன், ஆப்பிள் கம்ப்யூட்டரில் குறும்புக்காக ஒன்றை எழுதி நண்பர்களின் பிளாப்பிகளில் ஏற்றினான். அந்த பிளாப்பியை 50ஆவது தடவை போடும்போது திரையில் ஒரு சிறு கவிதை வரும், அவ்வளவுதான். நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த பிசி வகைக் கம்ப்யூட்டர்களுக்கான முதல் வைரஸ் பிறந்தது அங்கே அல்ல, பக்கத்து நாட்டில். ஊர் லாகூர், ஆண்டு 1986. பெயர் ‘பிரெய்ன்’.

எழுதியவர்கள் அம்ஜத் ஃபரூக் ஆல்வி, பாசித் ஃபரூக் ஆல்வி என்ற அண்ணன் தம்பி. தம்பிக்கு அப்போது 17 வயது. லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைக் காசு கொடுக்காமல் ஆளாளுக்கு நகலெடுக்கிறார்கள் என்ற கோபம். அந்த நகல்கள் எங்கெங்கே போகின்றன என்று தெரிந்துகொள்ளத்தான் இதைச் செய்தோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதனால்தான் உலகத்தில் எந்தத் திருடனும் செய்யாத ஒன்றைச் செய்தார்கள். வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடையின் முகவரி, போன் நம்பர் மூன்றையும் எழுதி, தடுப்பூசி வேண்டுமென்றால் எங்களைக் கேளுங்கள் என்றும் சேர்த்துவிட்டார்கள்.

வேலை நுட்பமானது. கம்ப்யூட்டர் எழுந்ததும் பிளாப்பியில் முதலில் படிக்கிற இடத்துக்கு பூட் செக்டார் என்று பெயர். பிரெய்ன் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்த அசலை வேறோர் இடத்துக்குத் தள்ளி, ‘இந்த இடம் கெட்டுவிட்டது’ என்று குறி போட்டு வைக்கும். யாராவது சந்தேகப்பட்டு பூட் செக்டாரைத் திறந்து பார்த்தால், ஒளித்து வைத்த அசலை எடுத்துக் காட்டும். பார்க்கிறவருக்கு எல்லாம் சுத்தமாகத் தெரியும். 360 கேபி பிளாப்பியைத்தான் அது தொட்டது, ஹார்ட் டிஸ்க் பக்கம் போகவில்லை. வேண்டுமென்று கோப்புகளை அழிக்கவும் இல்லை. ஆனால் பின்னால் வந்த பல வைரஸ்களுக்கு வேஷம் போடக் கற்றுக்கொடுத்த வாத்தியார் அதுதான்.

1987 அக்டோபரில் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் பிளாப்பிகளில் பிரெய்ன் அகப்பட்டது. லாகூரில் எழுதியது அங்கே எப்படிப் போயிற்று? 1988இல் டைம் பத்திரிகை சொன்ன கதை வேடிக்கையானது. இந்தச் சகோதரர்களே அமெரிக்க மென்பொருள்களின் திருட்டு நகல்களை மலிவு விலைக்கு விற்றார்களாம். வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் வைரஸைச் சேர்த்துக் கொடுத்தார்களாம். தன் சரக்கு திருடு போனதற்குக் கோபப்பட்டவர்கள் அடுத்தவர் சரக்கை விற்றது எந்த நியாயத்தில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை. 2011இல் ஃபின்லாந்தின் மிக்கோ ஹிப்போனன் என்ற பாதுகாப்பு நிபுணர், வைரஸில் இருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு லாகூருக்கே போனார். சகோதரர்கள் அங்கேயே இருந்தார்கள், இன்டர்நெட் கம்பெனி நடத்திக்கொண்டு.

நம் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர்கள் வந்த காலத்தில் செருப்பை வாசலில் விடச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். ஏசி அறையில் தூசி சேரக்கூடாது என்பதற்காகச் சொன்னது, செருப்பில் வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும் என்ற நம்பிக்கையாகச் சிலரிடம் வளர்ந்துவிட்டது. வைரஸ் வந்தது காலில் அல்ல, சட்டைப் பையில். முதலில் பிளாப்பியாக, பிறகு பென் டிரைவாக.

அந்தப் பென் டிரைவ் வைரஸைப் பற்றித்தான் இன்றும் அதிகம் கேட்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோன பென் டிரைவை வீட்டுக்கு வந்து போட்டால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக நிற்கும். கோப்புகள் போய்விட்டன என்று நினைத்து ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். பெரும்பாலும் வைரஸ் அசல் ஃபோல்டர்களை அழிப்பதில்லை. மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டை நிறுத்துகிறது. அதை அமுக்கினால் வைரஸ் ஓடும், கூடவே ஃபோல்டரும் திறக்கும். பிரெய்ன் செய்த அதே வித்தை. இன்னொரு வகை, ஃபோல்டர் படத்தை மாட்டிக்கொண்டு நிற்கும் ‘.இஎக்ஸ்இ’ கோப்பு. பெயரின் வால் பகுதியை விண்டோஸ் வழக்கமாகக் காட்டாததால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. வியூ பகுதிக்குப் போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’, ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ இரண்டையும் காட்டும்படி செய்துவிட்டால் வேஷம் பாதி கலைந்துவிடும்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் கொடுத்த கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 7 மட்டும் இல்லை, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ என்ற இயங்குதளமும் இருந்தது. அந்தப் பென் டிரைவை அதில் போட்டிருந்தால் விண்டோஸ் வைரஸ் ஓடியிருக்காது. மறைந்திருந்த ஃபோல்டர்களும் தாமாகவே கண்ணில் பட்டிருக்கும். பையன்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பாட்டும் படமும் கேமும் விண்டோஸில் இருந்தன. மருந்து பக்கத்து அறையிலேயே இருக்க, நாம் நூறு இருநூறு கொடுத்து ஃபார்மேட் செய்துகொண்டிருந்தோம்.

டீக்கடைக் கேள்விக்கு வருவோம். புனேயில் கால்குலேட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் கைலாஷ் கட்கர். கடைக்குக் கம்ப்யூட்டர்களும் ரிப்பேருக்கு வர ஆரம்பித்தபோது பல வைரஸோடு வந்தன. சுத்தம் செய்ய, படித்துக்கொண்டிருந்த தம்பி சஞ்சய் நிரல் எழுதிக் கொடுத்தார். அதுதான் குயிக் ஹீல். நோய் வந்த பிறகுதான் வைத்தியர் வந்தார்.

இன்றைக்கு வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காசு கொடுத்து ஆன்டி வைரஸ் வாங்கியே தீரவேண்டும் என்றில்லை. விண்டோஸ் 10, 11இல் டிஃபெண்டர் கூடவே வருகிறது. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. பரணில் கிடக்கும் விண்டோஸ் 7 லேப்டாப்புக்கு 2020லேயே நின்றுபோயிற்று. அவற்றில் படம் பாருங்கள், பேங்க் கணக்கைத் திறக்காதீர்கள்.

இப்போது வேஷம் போட்டு வருவது செல்போனுக்கு. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றோ போக்குவரத்து அபராதம் என்றோ வரும் கோப்பின் பெயர் ‘.ஏபிகே’ என்று முடிந்தால், தெரிந்தவர் நம்பரிலிருந்து வந்திருந்தாலும் தொடவேண்டாம். தொட்டு, கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள்.