ரோமம் குறைவாக உதிர்க்கும் நாய் இனங்கள்

மனிதரோடு ஒரே கூரையின்கீழ் வாழும் நாய்களுள், தரையிலும் விரிப்பிலும் உடையிலும் ரோமத்தை மிகுதியாகச் சிந்தாத இயல்புடைய சில ஜாதிகள் உண்டு. பூடில், பிஷான் ஃப்ரீஸே, மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர், ஷீ ட்சு, லாசா ஆப்சோ, ஷ்னௌசர், போர்த்துகீசிய வாட்டர் டாக் முதலியன இவ்வகையில் பிரசித்தி பெற்றவை. ரோமம் அறவே உதிராத நாய் என்று உலகில் ஒன்றுமில்லை. குறைவாக உதிர்ப்பவை, அதிகமாக உதிர்ப்பவை என்ற பேதமே உண்டு.

நாயின் ஒவ்வொரு ரோமமும் வளர்தல், தேய்தல், ஓய்தல் என்னும் அவஸ்தைகளைக் கடந்து உதிர்ந்து, அதே குழியில் புதிய ரோமத்துக்கு இடம் விடுகிறது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, நம் ஊர்களில் பொமரேனியன் என்றே வழங்கப்படும் வெள்ளை ஸ்பிட்ஸ் ஆகியவற்றுக்கு மேல்ரோமத்தின் அடியில் மெத்தென்ற உள்ரோமம் அடர்ந்திருப்பதாலும், அது பருவ மாறுதலை ஒட்டிக் கொத்துக் கொத்தாகக் கழல்வதாலும், அவை வாழும் வீட்டில் துடைப்பத்துக்கு ஓய்வே இருப்பதில்லை. பூடிலின் ரோமமோ நெடுங்காலம் வளர்நிலையிலேயே இருக்கிறது. கழன்ற சிறிதளவும் சுருள்களுக்கிடையே சிக்கிக்கொண்டு, சீப்புக்கு அன்றி வேறெதற்கும் அசைவதில்லை. குட்டை ரோமமுள்ள நாய் குறைவாக உதிர்க்கும் என்று பலரும் நம்புவது தவறு. பக் நாயும் டால்மேஷியனும் ஆண்டு முழுவதும் உதிர்ப்பவை. அவற்றின் சிறிய, விறைத்த ரோமம் துணியில் தைத்துக்கொண்டால் எடுப்பதும் கடினம்.

நாய்களின் ரோம வேறுபாடுகளுக்குப் பெரும்பாலும் மூன்றே மரபணுக்கள் காரணமாக நிற்கின்றன என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் நிறுவினர். ஒன்று ரோமத்தின் நீளத்தையும், ஒன்று சுருளையும், மற்றொன்று மீசை, புருவம் போன்ற முகரோமத்தையும் ஆள்கின்றன. முகரோமத்துக்குக் காரணமான மரபணுவே உதிர்தல் குறைவதோடும் தொடர்புடையதாதலால், மீசையும் தாடியுமாகத் தோன்றும் ஜாதிகள் பொதுவாக வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவையாய் அமைகின்றன.

இவ்வினங்களை நாடுவோர் பலரும் சுத்தத்தை மட்டும் கருதுவதில்லை. வீட்டில் ஒருவருக்குத் தும்மலோ மூச்சிரைப்போ இருப்பதால், உதிராத ரோமத்தில் பரிகாரம் தேடுகின்றனர். அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவின் மூத்த மகளுக்கு ஒவ்வாமை இருந்ததால் 2009-இல் வெள்ளை மாளிகைக்கு ‘போ’ என்னும் போர்த்துகீசிய வாட்டர் டாக் வந்து சேர்ந்தது, இந்நம்பிக்கையை உலகெங்கும் பரப்பியது. ஆயினும் ஒவ்வாமையை உண்டாக்குவது ரோமமன்று. நாயின் உமிழ்நீரிலும் தோலிலிருந்து கழலும் நுண்ணிய செதில்களிலும் உள்ள சில புரதங்களே அதற்குக் காரணம். அவற்றுள் ஒன்று ஆண் நாய்களிடம் மாத்திரமே சுரக்கிறது. 2012-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்று, ஒவ்வாமை தராதவை எனப் புகழப்பட்ட ஜாதிகளின் ரோமத்தில் இப்புரதங்களுள் முக்கியமானது மற்றவற்றைவிடக் குறைவாக இல்லை என்றும், சொல்லப்போனால் அதிகமாகவே இருந்தது என்றும் கண்டது. ஆகவே ஒவ்வாமைக்கு உகந்த ஜாதி என்று விளம்பரம் செய்து விற்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை.

லாப்ரடூடிலின் சரித்திரம் இதற்குத் தக்க சான்று. ஹவாய்த் தீவில் பார்வையிழந்த பெண்மணி ஒருவருக்கு வழிகாட்டும் நாய் தேவைப்பட, அவருடைய கணவருக்கோ நாய் ஒவ்வாதிருக்க, ஆஸ்திரேலிய வழிகாட்டு நாய்ச் சங்கத்தில் பணியாற்றிய வாலி கான்ரான் 1989-இல் லாப்ரடாரையும் பூடிலையும் கலந்து குட்டிகளைப் பெறச் செய்தார். ஒரே ஈற்றில் பிறந்த மூன்று குட்டிகளின் ரோமமும் உமிழ்நீரும் ஹவாய்க்கு அனுப்பப்பட்டுச் சோதிக்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்றுதான் அக்கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரு தாய் வயிற்றுக் குட்டிகளிலேயே இத்தனை பேதம் இருக்குமாயின், ஜாதியின் பெயரை மட்டும் நம்புவது எவ்வளவு அபாயம் என்பது விளங்கும். இன்று விற்கப்படும் கலப்பினக் குட்டிகளுள் தாராளமாக ரோமம் உதிர்ப்பவையும் உண்டு.

ரோமம் குறைவாக உதிர்க்கும் இனங்களுள் பூடிலையே முதன்மையாகச் சொல்லத் தகும். நீரில் வீழ்ந்த பறவைகளை நீந்தி எடுத்துவரப் பழக்கப்பட்ட இந்நாய், அலங்காரப் பிராணி என்ற அபவாதத்துக்கு ஆளானபோதிலும், மிகுந்த புத்திக்கூர்மையும் ஓடியாடும் உற்சாகமும் உடையது. தோள் உயரம் 24 முதல் 60 செ.மீ. வரை நான்கு அளவுகளில் கிடைப்பதால், சிறிய குடித்தனத்துக்கும் பெரிய தோட்டவீட்டுக்கும் ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். திபெத்தை மூலமாகக் கொண்ட ஷீ ட்சு சாந்தமானது. ஆனால் அதன் சப்பை மூக்கு வெப்பத்தைத் தாங்குவதற்குத் தடையாதலால், உஷ்ணப் பிரதேசங்களில் நண்பகலில் அதை வெளியே நடத்துவது தீங்கு. ஆப்பிரிக்காவின் பஸெஞ்சி, குட்டை ரோமத்தோடும் குறைவாக உதிர்க்கும் அபூர்வ ஜாதி. பூனையைப்போலத் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்.

தரையைப் பெருக்கும் வேலை குறைந்தால் சீப்பெடுக்கும் வேலை கூடும் என்பதை வாங்குவோர் முன்னரே உணர்தல் அவசியம். உதிராத ரோமம் வளர்ந்துகொண்டே செல்லும். நாள்தோறும் வாராவிட்டால் சடையாகத் திரண்டு, தோலை இழுத்து வலியூட்டி, அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகும். ஒரு வயதை ஒட்டிக் குட்டிரோமம் முதிர்ரோமமாக மாறும் தருணத்தில் இத்தொல்லை மிகும். நான்கிலிருந்து எட்டு வாரங்களுக்கு ஒருமுறை கத்தரிக்க வேண்டும். தொங்கும் காதுகளைத் துடைத்து உலர வைக்க வேண்டும். கத்தரிப்பவர் ஊரில் இல்லையேல், வீட்டாரே அக்கலையைக் கற்றாக வேண்டும். பார்வைக்கு அழகாயிருக்கிறதென்று வாங்கி, பின் சடை மண்டிய நாயை மூலையில் கட்டிப்போடுவது பெரும் கொடுமை. வாரவும் கத்தரிக்கவும் நேரமில்லாதவர்கள் இவ்வினங்களை வாங்காதிருப்பதே உத்தமம்.

ஒவ்வாமையுள்ளவர் இருக்கும் வீட்டார், வாங்கக் கருதும் அந்தக் குறிப்பிட்ட நாயோடு அவரைப் பலமுறை, பல மணி நேரம் பழகவிட்டுப் பார்க்க வேண்டும். வாரம் இருமுறை குளிப்பாட்டுவதும் படுக்கையறைக்குள் நாயை விடாதிருப்பதும் ஓரளவு நிவாரணம் தரும். குழந்தைக்கு மூச்சிரைப்பு இருப்பின், வைத்தியரின் பரிசோதனையும் ஆலோசனையும் முடிந்த பிறகே குட்டிக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.