சாலை அளந்து கொடுத்த படகு

காரின் பின்னால் கட்டி ஓட்டிச் செல்லும் சிறிய அறைப் படகைத் தண்ணீரில் மட்டும் பார்ப்பவருக்கு அதன் உருவம் விளங்காது. நீளம் 26 அடி இருக்கும்; அகலமோ எட்டு அடியை ஒட்டியே நின்றுவிடும். உள்ளே நாலைந்து பேர் படுக்கலாம், அடுப்பு பற்றவைக்கலாம், ஆனால் ஒருவரையொருவர் இடிக்காமல் நடமாட முடியாது. இன்னும் இரண்டு அடி அகலம் கூட்டியிருந்தால் அறையும் தாராளமாக இருக்கும், அலையில் படகும் நிதானமாக நிற்கும். ஏன் கூட்டவில்லை என்பதற்கான விடை 1956-இல் அமெரிக்கா இயற்றிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் இருக்கிறது. மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளில் ஓடும் வண்டி 96 அங்குலத்துக்கு மேல் அகலக் கூடாது என்று அது வரம்பு வைத்தது. 1982-இல் அந்த வரம்பு 102 அங்குலமாக உயர்ந்தது. பிறகு வந்த படகுகள் பலவும் சொல்லிவைத்தாற்போல் எட்டரை அடிக்கு அகன்றன.

படகு கரையேறும் இடமே அதன் உடலை வடிவமைப்பது பழைய வழக்கம்தான். சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன், அலை மோதும் மணற்கரைக்குச் சரக்கையும் ஆட்களையும் கொண்டுவந்த மசூலாப் படகுகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்தார்கள். தரை தட்டும்போது பலகைகள் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக. டிரெய்லர் படகு கரையேறுவது தார்ச்சாலையில். சாலை கேட்டதையெல்லாம் படகு ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே வந்ததுதான் அதன் பிறந்த கதை.

சாலை முதலில் கேட்டது, கழற்றித் தூக்கக்கூடிய இயந்திரம். அதுவரை படகின் இன்ஜின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்தது; அதன் தண்டு அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே போய் விசிறியைச் சுழற்றியது. நார்வேயில் பிறந்து விஸ்கான்சினில் வளர்ந்த ஓலே எவின்ரூட் 1909-இல் மில்வாக்கியிலிருந்து விற்கத் தொடங்கிய அவுட்போர்டு மோட்டாருக்கு ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 62 பவுண்டு. கேமரன் வாட்டர்மேன் அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே அப்படி ஒன்றைச் செய்து ஓட்டிக்காட்டியிருந்தார். ஆனால் ஊர் ஊராகப் பரவியது எவின்ரூடின் மோட்டார்தான். அதில் விளம்பரத்தையும் வியாபாரத்தையும் கவனித்த அவர் மனைவி பெஸ்ஸின் பங்கு பெரிது. படகின் பின்பலகையில் திருகி மாட்டலாம், வேலை முடிந்ததும் தூக்கி வண்டியில் போட்டுக்கொள்ளலாம். அடியில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது.

இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. பாய்மரப் படகு காற்றில் கவிழாமல் இருக்கவும் பக்கவாட்டில் நழுவாமல் இருக்கவும் அடியில் கனமான ஏரா வேண்டும். ஐந்தடி ஆழத்துக்கு இரும்பு தொங்கும் படகை டிரெய்லரில் ஏற்றினால் அது கோபுரம்போல உயர்ந்து நிற்கும். அதைத் தண்ணீரில் மிதக்கவிடக் காரே கழுத்தளவு நீரில் இறங்க வேண்டியிருக்கும்.

இதற்கு விடை கண்டவர்களில் என் மனம் முதலில் நிற்பது இங்கிலாந்தின் ஹாம்பிள் கரையில் இருந்த ஃபேரி மரீன் தொழிற்சாலையில். ஃபேரி என்றால் இரண்டாம் உலகப் போரில் ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்களைக் கட்டிய குழுமம். போர் முடிந்ததும் அதன் படகுப் பிரிவு விமானக் காலத்து மரநுட்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. மெல்லிய மரத்தகடுகளை அச்சின்மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, இடையிடையே பசை பூசி, மொத்தத்தையும் அழுத்த உலைக்குள் வைத்துச் சூடேற்றுவார்கள். வெளியே வரும்போது சட்டமும் ஆணியும் இல்லாத, முட்டையோடு போல ஒரே உடலாக இறுகிய படகுக்கூடு கிடைக்கும். லேசாகவும் உறுதியாகவும் இருக்கும். இப்படிச் செய்த ஃபயர்ஃப்ளை என்ற சிறு படகில்தான் 1948 ஒலிம்பிக்கில் டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ராம் தம் முதல் தங்கத்தை வென்றார்.

ஃபயர்ஃப்ளையை வரைந்தவர் ஊஃபா ஃபாக்ஸ். போர்க்காலத்தில் அவர் இன்னொரு படகையும் வரைந்திருந்தார்: விமானத்தின் வயிற்றில் தொங்கிச் சென்று, கடலில் விழுந்து தத்தளிக்கும் விமானிகளுக்கு அருகே பாராசூட்டில் இறங்கும் உயிர்காப்புப் படகு. இன்னொரு வாகனம் சுமந்து செல்வதற்காகவே ஒரு படகை வடிவமைப்பது அவருக்கு அப்போதே பழகிவிட்டது. 1950-களின் நடுவில் ஃபேரி மரீனின் ஆலன் வைன்ஸும் அவரும் சேர்ந்து அட்டலாண்டா என்ற 26 அடிப் படகைக் கொண்டுவந்தார்கள். முன்னும் பின்னும் அறைகள், நடுவில் ஓட்டுபவர் உட்காரும் குழி. ஒரே ஏராவுக்குப் பதிலாக இரண்டு வார்ப்பிரும்பு ஏராக்கள். இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டால் படகு முழங்கால் ஆழத் தண்ணீரில் மிதக்கும், டிரெய்லரில் தாழ்வாக உட்காரும். ஏரா நடுவில் இல்லாததால் அறையின் தரையும் அடைபடவில்லை. வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே அட்டலாண்டாவை நினைவில் வைக்க வேண்டும் என்பேன்.

குறை எடையில் இருந்தது. இரண்டு டன் அளவுக்கு வரும் அதை அக்காலத்துக் குடும்பக் கார் மேட்டில் இழுத்து ஏற முடியாது. அதே ஆண்டுகளில் நியூசிலாந்தில் ரிச்சர்ட் ஹார்ட்லி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார்: சிறிய அறையுள்ள 16 அடிப் படகு, பிளைவுட்டில், சொந்தக் கொட்டகையில் யாரும் தாமே கட்டிக்கொள்ளும்படி வரைபடம். சாதாரணக் கார் இழுத்தது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஏராளமான வீட்டு முற்றங்களில் அது பிறந்தது.

ஆனால் இந்தப் படகு ஒரு தொழிலாக வளர்ந்தது அமெரிக்காவில். அதற்கு வேண்டியவற்றை அரசாங்கம் வேறு காரணங்களுக்காகக் கட்டிக்கொண்டிருந்தது. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1933 முதல் அணை மேல் அணையாகக் கட்டியது. மேற்கே பாலைவனத்தில் ஹூவர் அணைக்குப் பின்னால் மீட் ஏரி நிறைந்தது. 1963-இல் கிளென் கேன்யன் அணை மூடப்பட்டதும் பவல் ஏரி நிரம்பத் தொடங்கியது. கடலையே காணாத ஊர்களுக்குப் பக்கத்தில் பரந்த நீர். 1956 சட்டத்தில் வந்த பெருஞ்சாலைகள் அந்த நீருக்கு வழி போட்டன. இடையில் இருந்த கடைசிச் சில கஜங்களைக் கடக்க வைத்தது, யாரும் பெருமையாகப் பேசாத ஒரு கட்டுமானம்: தண்ணீருக்குள் சாய்ந்து இறங்கும் கான்கிரீட் தளம். 1984-இல் மீன்பிடிக் கருவிகள், படகு எரிபொருள் ஆகியவற்றின் வரிப்பணத்திலிருந்து மாநிலங்களுக்குப் போகும் நிதியில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைப் படகு இறக்கும் வசதிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. சரிவுத்தளம் இல்லாவிட்டால் டிரெய்லர் படகு வீட்டு வாசலில் நிற்கும் வண்டிதான்.

அந்தச் சந்தையில் ஃபைபர்கிளாஸும் சேர்ந்தது. ஃபிராங்க் பட்லர் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனத்தின் கேட்டலினா 22, ஊஞ்சல்போல ஆடி மேலேறும் இரும்பு ஏராவோடு 1970 வாக்கில் வந்து பல்லாயிரக்கணக்கில் விற்றது. இருந்தும் எடை என்ற பழைய வழக்கு தீரவில்லை. தண்ணீரில் தேவைப்படும் இரும்பை ஏன் சாலை முழுக்கச் சுமக்க வேண்டும்?

ரோஜர் மெக்ரகர் அந்தக் கேள்விக்கு 1980-களில் சொன்ன பதிலின் துணிச்சலை இன்றும் வியக்கிறேன். இரும்பை அடியோடு எடுத்துவிட்டார். படகின் அடிவயிற்றில் ஒரு தொட்டி. படகை இறக்கியதும் அடைப்பைத் திறந்தால் ஏரித் தண்ணீர் புகுந்து அதை நிரப்பும், அதுவே அடிப்பாரம். திரும்பச் சரிவுத்தளத்தில் ஏறும்போது அடைப்பைத் திறந்துவிட்டால் ஏரித் தண்ணீர் ஏரிக்கே போய்விடும். 1990-களின் நடுவில் வந்த 26எக்ஸ் மாதிரியில் அந்தத் தண்ணீர் ஏறக்குறைய 650 கிலோ. தொட்டி காலியாக இருக்கும்போது 50 குதிரைத்திறன் மோட்டாரைக் கொண்டு நீர்மேல் தாவிப் பாயும். நிரப்பினால் பாய் விரிக்கலாம். பாய்மரப் படகுக்காரர்கள் பலர் இதைப் படகென்றே ஏற்கவில்லை. அதன் அகலம் எட்டு அடிக்குள், எடை குடும்பக் காருக்குள். சாலை கேட்டதை இவ்வளவு முழுமையாகக் கொடுத்த படகு வேறில்லை என்பது என் கணிப்பு.

கொடுத்ததற்கு விலையும் இருந்தது. தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடை இல்லை. படகு சாய்ந்து, தொட்டியின் ஒரு பக்கம் நீர்மட்டத்துக்கு மேலே தூக்கப்படும்போதுதான் அது கீழ்நோக்கி இழுக்கத் தொடங்கும். தொட்டி அரைகுறையாக நிரம்பியிருந்தால் நிலைமை மோசம்: படகு சாயும் பக்கத்துக்கே தண்ணீரும் ஓடும். 2002 ஜூலை 4 அன்று வெர்மான்ட் மாநிலத்துச் சாம்ப்ளெயின் ஏரியில் இவ்வகைப் படகொன்று கவிழ்ந்தது. ஆட்கள் அளவுக்கு மீறி ஏறியிருந்தார்கள், அடிப்பாரத் தொட்டி நிறைந்திருக்கவில்லை. அறைக்குள் இருந்த இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். அடுத்து வந்த 26எம் மாதிரியில் தண்ணீரோடு 136 கிலோ நிரந்தர அடிப்பாரமும் இருந்தது. மெக்ரகர் 2013-இல் கடையை மூடினார். படகுகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன; வாங்குகிறவர் முதலில் கற்க வேண்டியது அந்த அடைப்பு எங்கே இருக்கிறது, தொட்டி நிறைந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது என்பதைத்தான்.

இப்படிச் சாலைக்காகப் பிறந்த உடம்பை ஓட்டுவதற்கும் தனிப் பழக்கம் வேண்டும். டிரெய்லரில், மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கிப் பந்தின்மேல் அழுந்த வேண்டும். கனமான மோட்டார் படகின் பின்கோடியில் தொங்குவதால் எடை பின்னால் சாய்ந்துவிடும். எடையின் மையம் அச்சுக்குப் பின்னால் போனால் வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கிக் காரையும் ஆட்டும். சக்கர பேரிங்குகளைக் கவனிக்காமல் பயணம் கெட்டவர்கள் ஏராளம். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கரத்தை அப்படியே ஏரிக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அந்த இடத்துக்குத் தண்ணீர் உறிஞ்சப்படும், கிரீஸ் கெடும். சரிவுத்தளத்தின் மேலே நின்று பாயையும் கயிற்றையும் சீர்செய்யும் நேரத்தில் சக்கரம் ஆறட்டும் என்று விடுவது நல்ல வழக்கம்.

புதியவர்கள் அஞ்சுவது ரிவர்ஸ். இழுக்கப்படும் பொருள் தானே நேராகிவிடும். தள்ளப்படும் பொருள் சிறு கோணலையும் பெரிதாக்கிக்கொள்ளும். முன்னே போகும்போது சாதுவாக வரும் டிரெய்லர் பின்னே தள்ளும்போது மடங்குவது அதனால்தான். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள்; மிக மெதுவாக. கோணினால் போராடாமல் முன்னே எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

தண்ணீரில் இறங்கியதும் இதே விதி தலைகீழாக உதவுகிறது. எடை குறைத்து, அடியைச் சுருக்கி, அறையை மட்டும் உயர்த்திக் கட்டிய படகு இது. நீருக்கடியில் பிடிமானம் கொஞ்சம், காற்று மோதும் பக்கம் நிறைய. துறையை நெருங்க வேகத்தைக் குறைத்ததும் அணியம், அதாவது படகின் முன்முனை, காற்றின் போக்கில் விலகும். அவுட்போர்டில் சுக்கான் தனியாக இல்லை, விசிறி சுழன்றால்தான் படகு திரும்பும். ஆகவே முதலில் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டுப் பிறகு சிறிதளவு முடுக்க வேண்டும். அடியில் ஏற்றி இறக்கும் நடுப்பலகையைப் பாதி இறக்கி வைத்தாலே நழுவல் பெரிதும் குறையும். காற்று பலமாக இருந்தால் அணியத்தைக் காட்டி மல்லுக்கட்ட வேண்டாம். படகைத் திருப்பி, பின்புறத்தைக் காற்றுக்குக் கொடுத்து, ரிவர்ஸில் துறைக்குப் போங்கள். இப்போது விசிறி படகைத் தள்ளவில்லை, இழுக்கிறது. லேசான அணியம் டிரெய்லரைப் போலப் பின்னால் நேராக வருகிறது. சரிவுத்தளத்தில் காரோடு பாடுபட்ட அதே ரிவர்ஸ், எதிர்க்காற்றில் இந்தப் படகை நிறுத்த மிகச் சுலபமான வழி.