மூவருக்கு மட்டுமா?

"அது உனக்கு விளங்காது!" இந்த மூன்று சொற்களைச் சொல்லியே அறிவின் வாயிலை அடைத்து வைத்தவர்கள் எத்தனை பேர்! ஏட்டைக் காட்டிச் சொன்னார்கள். மந்திரத்தைக் காட்டிச் சொன்னார்கள். விந்தை என்னவெனில், எவருக்கும் திறந்திருக்க வேண்டிய விஞ்ஞானத்தின் பெயராலும் ஒரு காலத்தில் இதே பாட்டு பாடப்பட்டது.

1919ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள். இலண்டனில் அறிஞர்கள் கூடியிருந்தனர். அவ்வாண்டு மே 29இல் நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது பிரேசில் நாட்டுச் சோப்ராலிலும், ஆப்பிரிக்கக் கரையை அடுத்த பிரின்சிப்பித் தீவிலும் எடுத்த படங்களை அளந்து பார்த்த முடிவு அங்கே வெளியிடப்பட்டது. சூரியனை ஒட்டி வரும் விண்மீன் ஒளி வளைகிறது! நியூட்டன் வழிக் கணக்கின்படி 0.87 விகலை வளைய வேண்டும். ஐன்ஸ்டீனின் பொதுச் சார்புக் கொள்கைப்படி 1.75 விகலை. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறு, ஒரு விகலை. அந்த நுண்ணளவில் நடந்த வழக்கில் தீர்ப்பு ஐன்ஸ்டீன் பக்கம் நின்றது.

கூட்டம் கலைகையில் சில்பர்ஸ்டைன் என்பார் எடிங்டனை அணுகி, "இக்கொள்கையை உணர்ந்த மூவருள் தாங்கள் ஒருவர்" என்ற கருத்துப்படப் புகழ்ந்தாராம். எடிங்டன் பேசாதிருந்தார். அடக்கம் வேண்டாம் என்றார் புகழ்ந்தவர். அடக்கம் அன்று, அந்த மூன்றாமவர் யாரென்றே சிந்திக்கிறேன் என்றாராம் எடிங்டன். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, விண்மீன் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற சந்திரசேகர் பிற்காலத்தில் எடுத்துரைத்த கதை இது. நகைச்சுவை நன்று, ஆனால் நகைச்சுவை நாளடைவில் நம்பிக்கையாயிற்று. மூவருக்கே விளங்கும் ஒன்றை முதுகலை மாணவன் தொடுவானேன் என்று எத்தனை இளைஞர் ஒதுங்கியிருப்பர்!

அவர்கள் அறியாதது ஒன்றுண்டு. அந்தக் கணிதத்தை ஐன்ஸ்டீனே மாணவராய் அமர்ந்துதான் கற்றார்.

கயிறறுந்து விழும் மின்தூக்கிக்குள் நிற்பவன் தன் எடையை உணரமாட்டான். கையிலுள்ள நாணயத்தை விட்டுவிட்டால் அது அவனருகிலேயே மிதக்கும். ஈர்ப்பு எங்கே போயிற்று? இந்த எளிய கேள்வியின் வித்து 1907இலேயே ஐன்ஸ்டீனுக்குத் தோன்றிவிட்டது. ஈர்ப்பு என்பது கயிறுகட்டி இழுக்கும் விசை அன்று. பொருள்கள் தம்மைச் சூழ்ந்த வெளியையும் காலத்தையும் வளைக்கின்றன, அந்த வளைவில் இயன்றவரை நேராகச் செல்வதையே நாம் விழுதல் என்கிறோம் என்பது அவர் சென்று சேர்ந்த இடம். ஆனால் வளைவை அளக்கப் பள்ளியில் பயின்ற வடிவியல் போதாது. தாளில் வரைந்த முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகை. உருண்டைமேல் வரைந்தால் அதனினும் மிகும். வளைந்த வெளிக்கான வடிவியலை ரீமான் 1854இலேயே தொடங்கி வைத்திருந்தார். ஐன்ஸ்டீன் அதை அறிந்தாரில்லை. 1912இல் சூரிச் நகரில் தம் கல்லூரித் தோழர் கிராஸ்மனிடம் உதவி கேட்டார். மாணவப் பருவத்தில் வகுப்புக்குச் செல்லாமல் இருந்துவிட்டு, யாருடைய குறிப்பேடுகளை வாங்கித் தேர்வு எழுதினாரோ, அதே கிராஸ்மன்! மூன்றாண்டு முயன்று, தவறி, திருத்தி, 1915 நவம்பரில் சமன்பாடுகளை எட்டினார். 1916இல் எழுதிய விரிவான ஆய்வுரையில் அந்த நண்பருக்கு நன்றி கூறியதோடு, வேண்டிய கணிதம் முழுவதையும் ஒரு தனிப் பகுதியில் அடியிலிருந்து கற்பித்தும் வைத்தார். உழைக்க ஒப்பும் மாணவனை நினைந்து எழுதப்பட்ட பகுதி அது.

அந்த மாணவர்கள் இருந்தார்கள், கல்கத்தாவில் இருந்தார்கள்.

ஒருவர் மேகநாத் சாகா. டாக்கா அருகே ஒரு சிற்றூரில் சிறு மளிகைக் கடைக்காரரின் மகன். 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்த கிளர்ச்சியில் சேர்ந்ததால் பள்ளியையும் உதவித்தொகையையும் இழந்தவர். கல்கத்தா விடுதியிலே, தாழ்ந்த சாதி என்று சொல்லி, உடனிருந்து உண்ண மறுத்தனர் சிலர். கலைமகள் பூசையில் அவர் கலந்துகொள்ளவும் தடை! கல்விக்குத் தெய்வமாம், கற்பவனுக்கு இடமில்லையாம்! மற்றவர் சத்தியேந்திரநாத் போஸ். 1915இல் முதுகலைத் தேர்வில் போஸ் முதல்வர், சாகா அடுத்தவர்.

புதிதாக எழுந்த பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் இருவருக்கும் இடமளித்தார் அசுதோஷ் முகர்ஜி. புதிய இயற்பியலைக் கற்பிக்க வேண்டும். ஆனால் கற்பிக்க வேண்டியவர்களுக்கே கற்பிக்க ஆளில்லை! குவாண்டம் கொள்கையைச் சாகாவும் சார்புக் கொள்கையைப் போசும் பொறுப்பேற்றனர். உலகப் போரின் காலம். ஜெர்மனி பகைநாடு, அங்கிருந்து ஏடுகள் வருவது அரிது. ஜெர்மன் மொழி கற்றனர். சிப்பூர்ப் பொறியியல் கல்லூரியில் பணியாற்றிய புரூல் என்ற ஜெர்மானியர் தாவர இயல் அறிஞர். அவர் வீட்டு அலமாரியிலோ இயற்பியல் நூல்கள் இருந்தன. அவற்றை இரவல் வாங்கிப் படித்தனர். வாயில் அடைபட்டிருந்தால் சன்னலைத் தேடுகிறவனே மாணவன்.

படித்ததைத் தமக்கென்று பூட்டி வைத்தார்களா? இல்லை. மொழிபெயர்க்க இசைவு கேட்டு ஐன்ஸ்டீனுக்கு எழுதினார்கள், அவர் இசைந்தார். ஆங்கில உரிமை தன்னிடம் இருப்பதாக இலண்டன் பதிப்பகம் ஒன்று தடை எழுப்பியபோதும், இந்தியாவுக்குள் மட்டும் பரவுவதாயின் மறுப்பில்லை என்ற நிலையை அவர் எடுத்தார். 1905ஆம் ஆண்டு ஆய்வுரையைச் சாகா பெயர்த்தார். 1916ஆம் ஆண்டின் பொதுச் சார்புக் கொள்கை உரையைப் போஸ் பெயர்த்தார். மகலனோபிஸ் வரலாற்று முன்னுரை வரைந்தார். 1920இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் நூலை வெளியிட்டது. பிழையற்ற பெயர்ப்பு அன்று அது. பெயர்த்தவர்களுக்கு வயது இருபத்தாறு! எனினும் இந்த ஆய்வுரைகளை உள்ளடக்கிய ஆங்கிலத் தொகுப்பு இலண்டனில் வெளிவந்தது 1923இல்தான் என்பதை நினைவிற் கொள்க. மூவருக்கே விளங்கும் என்று அங்கே பேசிக்கொண்டிருந்த நாட்களில், இங்கே அச்சுக்கோத்துக் கொண்டிருந்தார்கள்!

ஆங்கிலத்தோடும் போஸ் நின்றாரில்லை. தாய்மொழியில் விஞ்ஞானம் முடியாது என்போர் விஞ்ஞானம் அறியாதவர் அல்லது தாய்மொழி அறியாதவர் என்ற கருத்தில் உறுதியாக இருந்தவர் அவர்; 1948இல் கல்கத்தாவில் அதற்கென்றே வங்க விஞ்ஞானப் பேரவையை நிறுவினார்.

அதற்கு முன்னே, 1924 சூன் திங்களில், டாக்காப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த போஸ், ஒளித்துகள்களை எண்ணும் புதிய முறை பற்றிய தம் ஆங்கிலக் கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். முன்பு கல்கத்தாவிலிருந்து மொழிபெயர்க்க இசைவு கேட்டது நினைவிருக்கிறதா, பொதுச் சார்புக் கொள்கை உரையைப் பெயர்த்தவன் நானே என்று கடிதத்தில் அறிமுகம் செய்துகொண்டார். தகுதியுடையதாகத் தோன்றினால் வெளியிட ஏற்பாடு செய்யுமாறு வேண்டினார். மொழிபெயர்க்கும் அளவுக்குத் தமக்கு ஜெர்மன் போதாது என்றும் குறித்தார். ஐன்ஸ்டீன் படித்தார். தாமே அமர்ந்து அக்கட்டுரையை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, அதன் சிறப்பைச் சுட்டும் குறிப்பும் சேர்த்து, அவ்வாண்டே ஜெர்மன் இயற்பியல் ஏட்டில் வெளிவரச் செய்தார்.